அமாவாசையில் மீன் பொரித்த வீடு

எங்கள் ஒழுங்கையில் அமாவாசையன்று மத்தியானம் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே வாசம்தான் வரும். பருப்பு, பூசணிக்காய், உருகின நெய், அதற்கு மேலே கொஞ்சம் சாம்பிராணி. அந்த வாசத்துக்கு நடுவே மீன் பொரிக்கிற மணம் கிளம்பினால் அது என் குசினியிலிருந்து வருவது. பல வருஷமாக அப்படித்தான். மற்ற நாளில் நான் மீன் இல்லாமலும் சமைப்பேன். பருப்பும் சம்பலும் இருந்தால் எனக்குப் போதும். அமாவாசை வந்தால் மட்டும் பொரிக்காமல் இருந்ததில்லை. ஆடி அமாவாசைக்குக்கூடப் பொரித்தேன். ஊரே கடலில் தீர்த்தமாடிவிட்டு ஈரத் தலையோடு வந்து இலை போடுகிற நேரத்தில் என் தாச்சியில் எண்ணெய் சீறும்.

புதிதாகக் குடிவந்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. பழைய ஆட்களுக்குக் காரணம் தெரியும். தெரிந்தபடியால்தான் ஒருவரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் தகப்பனை இழந்தவர்கள்தான் அமாவாசை விரதம் பிடிப்பார்கள். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரைப் பூரணை. தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் எள்ளும் தண்ணீரும் விட்டால் அது இருக்கிறவருக்குக் கூடாது என்பார்கள். என் அப்பாவுக்கு என் அண்ணன் பிடித்தார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டு அமாவாசைதான். என் புருஷன் தன் தகப்பனுக்கு ஒரு அமாவாசையும் தவறவிடாமல் பிடித்தார். பிறகு அவர் வீட்டுக்கு வராமல் போனார்.

செத்தார் என்று எழுத எனக்குக் கை வராது. வராமல் போனார். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை அவருக்கு. மூதூர்ப் பக்கம் கிளிவெட்டியில் என் பங்குக்கு வந்த வயல் கொஞ்சம் இருந்தது. அந்த முறை நெல் வெட்டுக்கு ஆள் பிடிக்கவென்று போனார். கடல் கடக்கிற லோஞ்சில் ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். மூதூரில் இறங்கித் தேத்தண்ணி குடித்ததைக் கண்டவரும் ஒருவர் இருக்கிறார். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. அந்தக் கிழமைதான் அந்தப் பக்கம் சண்டை தொடங்கியது. எனக்கு ஒரே மகன். அப்போது எட்டாம் வகுப்பில் படித்தான்.

தேடினேன். ஆனால் மற்றப் பெண்கள் தேடின மாதிரித் தேடவில்லை. எனக்கு ஆட்களோடு கதைக்க வெட்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காணாமல் போனவர்களைப் பதிகிற கந்தோர்களுக்கு அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போவார். நான் கதிரையின் நுனியில் இருப்பேன். "புருஷன்ட பேர்?" என்று கேட்பார்கள். வீட்டில் நான் அவரை "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன். அவர் பெயரை என் வாயால் சொன்னது அந்தக் கந்தோர்களில்தான். சொல்லும்போது காது சுடும். ஆரோ ஒரு அந்நிய ஆளைத் தேடுகிற மாதிரி இருக்கும்.

அவர் போய் அடுத்து வந்த ஆடி அமாவாசைக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேலியடியில் வந்து நின்றாள். அவளுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பொடியன்கள். "என்ர பிள்ளைகள் கடலுக்குப் போறாங்கள், உங்கட மகனையும் கூட்டிக்கொண்டு போகட்டே?" என்று கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் உள்ளே போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முனையில் மீன்காரரின் கோர்ண் கேட்டது. நான் படலையைத் திறந்துகொண்டு போய் மீன் வாங்கி வந்து, கழுவி, மஞ்சள் உப்புப் போட்டுப் பொரித்தேன். மணம் வேலி தாண்டிப் போயிருக்கும். அதுதான் நான் சொன்ன பதில். இந்த வீட்டில் ஒருவரும் சாகவில்லை. அப்படித் தொடங்கியது.

மீன்காரர் கிண்ணியா முஸ்லிம் ஆள், நானா என்றுதான் கூப்பிடுவேன். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். அமாவாசை இருட்டில்தான் வெளிச்சம் போட்டுப் பிடிக்கிறவர்களுக்குக் கடலில் நிறையப் படும். அதே நாளில்தான் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். எனக்காக மட்டும் அந்தத் திருப்பத்தில் வண்டியை உள்ளே விடுவார்.

"கடல் அள்ளிக் குடுக்கிற நாளாப் பாத்து உங்கட ஆக்கள் மரக்கறி திங்கிறாங்க, அக்கா. அமாவாசைய ரெண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்களன் ஐயர்மார்ட்ட."

"நீங்களே சொல்லுங்கோ, நானா."

"நான் சொன்னா அடிக்க வருவாங்க. நீங்க சொன்னா அவங்களுக்குக் கேக்காது. பக்கத்தில நிக்கிற எனக்கே உங்கட சத்தம் கேக்கிறல்ல."

நல்ல சாளையாகப் பொறுக்கித் தருவார். ஏன் இன்றைக்கு மட்டும் வாங்குகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மகன் வளர்ந்து துறைமுகத்திலேயே வேலை எடுத்தான். மூட்டை தூக்குகிற வேலை இல்லை, பெட்டிகள் வந்து போவதைப் பதிகிற வேலை. ஷிப்ட் முறை. கந்தளாய்ப் பிள்ளை ஒன்றை விரும்பிக் கட்டினான். கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்க என்னைக் கூப்பிடுவதா விடுவதா என்று பெண்டுகள் குசுகுசுத்ததை நான் கண்டேன். நெற்றியில் குங்குமம் இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஆள் இல்லை. அவர்களுக்கும் கஷ்டம்தானே. நான் பலகாரம் எடுத்து வைக்கிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

மருமகள் வங்கியில் வேலை செய்கிறாள். விடிய ஆறரைக்கு முன்னம் வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் வருவாள். வந்து, "மாமி, நீங்கள் இருங்கோ" என்று என் கையிலிருந்து அகப்பையைப் பறிப்பாள். நல்ல பிள்ளை. எனக்கு அவளில் குறை இல்லை. கட்டி வந்த முதல் வருஷம் வயிற்றில் ஒன்று தங்கி, தங்காமல் போனது. அடுத்த வருஷமும் அப்படியே. இரண்டாவது தரம் ஆஸ்பத்திரியால் வந்து அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் சுடுதண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் காலைப் பிடித்துவிட்டேன்.

அவளுடைய தாய் சாத்திரம் பார்க்கிற ஒரு சாத்திரியிடம் போனா. இந்த வீட்டில் தகப்பன் வழியில் ஒருவர் தண்ணீருக்கு நிற்கிறார், அவருக்குக் கொடுக்காமல் பிள்ளை தங்காது என்று அந்த ஆள் சொன்னானாம். போனில் சம்பந்தி சொன்ன கதை எனக்கும் கேட்டது. மருமகள் போனைக் காதோடு அமத்திப் பிடித்தும் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"மாமி, கோவிக்க மாட்டீங்களெண்டா ஒண்டு காட்டட்டே?"

போனில் ஒரு ஐயர் கதைத்துக்கொண்டிருந்தார். வெளிநாடு போல, பின்னால் யன்னலில் பனி தெரிந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கான எளிய அமாவாசை என்று சொன்னார். ஒரு செம்புத் தண்ணீர், கொஞ்சம் எள், காகத்துக்கு ஒரு பிடி சோறு. தெற்கே பார்த்து நின்று, பெயரை மூன்று தரம் சொல்லித் தண்ணீரை விட வேண்டியது. கோத்திரம் தெரியாதவர்கள் சிவ கோத்திரம் என்று சொன்னால் சரி. ஆறு கடல் இல்லாத இடத்தில் குசினித் தொட்டியும் பரவாயில்லையாம்.

"பஸ் வர முன்னமே முடிஞ்சிடும், மாமி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தேத்தண்ணி போடுற நேரம்கூட இல்லையே, பிள்ளை. செத்தவை அவ்வளவு அவசரத்திலயே நிக்கினம்?"

"அவை நிப்பினம், மாமி. எங்களுக்குத்தான் லீவு இல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான், "ஆருக்குத் தண்ணி விடுறது?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். நான் மடித்த சேலையை உதறித் திரும்பவும் மடித்தேன்.

அந்த மாதம் அமாவாசைக்கு நான் வழமையைவிடக் கூடப் பொரித்தேன். மூன்று பேர் தின்ன ஏலாத அளவு. அவள் இரண்டு துண்டு போட்டுச் சாப்பிட்டாள். மகன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சாப்பிட்டு எழும்பினான்.

இந்த வருஷம் அவளுக்குத் திரும்பவும் வயிற்றில் பிள்ளை. டொக்டர் கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். வங்கியில் லீவு போட்டாள். கட்டிலில் கிடந்தபடி கூரைத் தகரத்தை எண்ணுகிறேன் என்று சொல்லுவாள். சம்பந்தி கிழமைக்கு ஒரு தரம் கந்தளாயிலிருந்து வந்து மகளின் தலையைத் தடவிவிட்டு, போகும்போது படலையில் நின்று என் நெற்றியைப் பார்ப்பா. பொட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பா.

ஆடி பிறந்தது. ஒரு நாள் விடியப்புறம் மகன் ஷிப்ட் முடிந்து வந்து, கால் கழுவி, குசினி வாசலில் குந்தினான். அவன் கதைக்கிற ஆள் இல்லை. அதில் என்னைப் போல. நான் தேத்தண்ணியைக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"இந்த ஆடிக்கு நான் பிடிக்கப் போறன், அம்மா."

எனக்கு முதலில் சம்பந்தியின் முகம்தான் வந்தது. "உன்ர மாமி சொன்னவவே?"

"மாமிக்காக இல்ல. பிள்ளைக்காகவும் இல்ல. டொக்டர் என்னத்தாலையெண்டு சொல்லி, பிள்ளை தங்கத் தையலும் போட்டாச்சு. சாத்திரி சொன்னதில எனக்கு ஒண்டுமில்ல."

"பிறகேன்?"

"எனக்கு இனி ஏலாது."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கதைத்தான். அவ்வளவு கதையை அவன் வாயிலிருந்து நான் ஒரே முறையில் கேட்டதில்லை.

"வேலைக்குப் போகேக்க பஸ் ஸ்டாண்டால போறன். மூதூர் பஸ் வந்து நிண்டா நானும் நிக்கிறன். இறங்கிற ஆக்களைப் பாக்கிறன். பள்ளிக்கூடம் போற காலத்தில இருந்து பாக்கிறன். முந்தி அவரை மாதிரி ஆக்களைத் தேடினனான். இப்ப அவருக்கு வயசு போயிருக்குமெண்டு கிழவன்மாரின்ர முகத்தைப் பாக்கிறன். இண்டைக்கும் பாத்தனான். நீங்கள் வீட்டுக்குள்ள இருந்து காத்திருக்கிறீங்கள், நான் ரோட்டில நிண்டு காத்திருக்கிறன். எனக்கொரு பிள்ளை வரப் போகுது, அம்மா. அதையும் கொண்டுபோய் அந்த பஸ்ஸுக்கு முன்னால நிப்பாட்ட ஏலாது."

அவன் அப்படி நின்றது எனக்குத் தெரியாது. நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"அவர் எங்கயாவது இருந்தாரெண்டா?" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவனுக்குக் கேட்டது.

"இருந்தாரெண்டா வந்து எனக்கு அடிக்கட்டும். குனிஞ்சு குடுக்கிறன்."

பிறகு மெதுவாகச் சொன்னான். "உங்கட பொட்டை ஒருத்தரும் தொட மாட்டினம். நான் கடலுக்குப் போகேல்ல. அங்க போனா ஐயர் கேப்பார், ஊர்ச்சனம் பாக்கும். வீட்டிலதான். இவள் போனில காட்டினமாதிரி, கிணத்தடியில."

நான் சிரித்த அந்தச் சுருக்கமான அமாவாசை. அதை நான் அன்றைக்கு முழுதும் யோசித்தேன். கடற்கரையில் முறைப்படி செய்தால் ஐயர் தகப்பன் எப்போது தவறினார், எந்தத் திதி என்று கேட்பார். தாய் இருக்கிறாவா, எங்கே நிற்கிறா என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் என் நெற்றியும் கழுத்தும் பொய் என்று ஆகிவிடும். பனி யன்னலுக்கு முன்னால் இருந்த அந்த ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. எள், தண்ணீர், பெயர். அவ்வளவுதான். அவசரக்காரருக்கு என்று அவர் சுருக்கினதில் என்னைப் பற்றின கேள்வியும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மகன் அதைத்தான் பிடித்திருந்தான். என்னை விட்டுவைக்கிற ஒரு வழியை அவன் தேடியிருக்கிறான் என்று விளங்கியது. விளங்கியும் மனம் ஆறவில்லை.

அடுத்த நாள் நான்தான் கதையை எடுத்தேன். "சோறு ஆர் சமைக்கிறது? அவள் எழும்ப ஏலாது."

"கடையில ஒரு மரக்கறிச் சோத்துப் பார்சல் எடுக்கிறன்."

"கடைச் சோத்தையே படைக்கிறது?"

யோசிக்க முன்னம் வாயால் வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். கட்டிலில் கிடந்தவளும் தலையைத் திருப்பினாள். அப்படித்தான் நான் சம்மதித்தேன். ஓம் என்று நான் சொல்லவே இல்லை. கடைச் சோறு கூடாது என்றுதான் சொன்னேன்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் சந்தைக்குப் போய்க் காத்தோட்டிக்காய் வாங்கினேன். அது இல்லாமல் ஆடி அமாவாசை இலை நிறையாது. வருஷத்தில் அந்த ஒரு நாளைக்கு மட்டும் சமைக்கிற காய். ஒரே கசப்பு. என் புருஷன் தன் தகப்பனுக்கு அதைப் படைக்கும்போதெல்லாம், "இருக்கேக்க அப்பர் இதைத் தொட்டும் பாக்கேல்ல, செத்த பிறகு விரும்பித் தின்னுவாரெண்டு நினைக்கிறியே?" என்று கேட்பார். இலைக்கு முன்னால் இருந்து பகிடி விடாதேங்கோ என்று நான் சொல்லுவேன். இந்த முறை அந்தக் காயை நான் யாருக்கு நறுக்குகிறேன் என்று கத்திக்குத் தெரியாமல் நறுக்கினேன். கை அதன் பாட்டில் வேலை செய்தது. மனதுக்கு வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

விடிய எழும்பித் தலை முழுகிச் சமைத்தேன். பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், காத்தோட்டிக்காய். சோறு வடிக்கிற நேரம் ஒழுங்கையில் கோர்ண் அடித்தது. நான் படலைக்குப் போகவில்லை. திரும்பவும் ஒரு தரம் அடித்தது. கொஞ்ச நேரம் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு போனது. நான் சோற்றுப் பானையைக் கவிழ்த்துப் பிடித்தபடி அந்தச் சத்தம் பெரிய ரோட்டில் ஏறும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

மகன் கிணற்றடியில் குளித்து ஈர வேட்டியோடு தெற்கே பார்த்து நின்றான். மருமகளை அவன்தான் தூக்கிவந்து பின்வாசலில் சாய்கதிரையில் இருத்தியிருந்தான். அவள் கையில் போன். ஐயர் சொல்லச் சொல்ல அவள் உரத்துத் திருப்பிச் சொல்ல, அவன் செய்ய வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஏற்பாடு. நான் குசினிக்குள் நின்றேன். வெளியே வரவில்லை. குசினி யன்னலால் கிணற்றடி தெரியும்.

உள்ளங்கையில் எள் வைத்தான். தண்ணீரை ஏந்தினான். அப்போது போனில் ஐயர் நின்றுவிட்டார். படம் அப்படியே உறைந்து நடுவில் ஒரு வட்டம் சுற்றியது.

"ஒரு நிமிசம், இருங்கோ, இருங்கோ," என்று மருமகள் போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்தாள். "மழைக்காலத்திலயும் ஒழுங்கா வேலை செய்யிறது, இண்டைக்கெண்டு நிக்குது."

மகன் கையை நீட்டியபடி நின்றான். தண்ணீர் விரல் இடுக்கால் சொட்டியது. எள்ளும் ஒன்றிரண்டு விழுந்தது. கையைக் கீழே விடலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் முதல் நாள் விட்டுவிட்டு வந்தபோது திரும்பிப் பாராமல் இப்படித்தான் நின்றான்.

எனக்கு அந்த வேலை தெரியும். என் புருஷன் செய்ததை எத்தனையோ அமாவாசையில் செம்போடு பக்கத்தில் நின்று பார்த்தவள். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். தண்ணீர் எல்லாம் சொட்டிப் போயிருக்கும். ஐயர் வந்தால் வந்திருப்பார்.

"பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால விடு," என்றேன் யன்னலால்.

அவன் திரும்பவில்லை. கையைச் சரித்தான்.

"பேரைச் சொல்லு. மூண்டு தரம்."

சொன்னது நான்தான். அவன் சொன்னான். தகப்பனின் பெயரை முழுதாக, தகப்பனின் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னான். கந்தோரில் நான் சொல்லும்போது அந்நியனின் பெயர் மாதிரி இருந்தது என்று எழுதினேன். இது அப்படி இல்லை. அவரே வளவுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. மூன்றாவது தரம் மகனின் சத்தம் உடைந்தது. நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு காகத்துக்கு வைக்கிற சோற்றை வாழையிலைத் துண்டில் எடுத்து மதிலில் வைத்து, கா, கா என்று கூப்பிட்டான். காகம் ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம், அவ்வளவு காகமும் மீன் குப்பையில் நிற்கும். அவன் கூப்பிட்டுக்கொண்டே நின்றான். மருமகளும் கதிரையில் இருந்து கூப்பிட்டாள். அந்த நேரம் திறந்து கிடந்த படலையால் மான் ஒன்று உள்ளே வந்தது. எங்கள் ஊரில் மான் ரோட்டில் திரிகிற மிருகம், குப்பைத் தொட்டியிலும் மேயும், கடை வாசலிலும் படுக்கும். அது நேரே மதிலடிக்குப் போய், கழுத்தை நீட்டி, சோற்றையும் கறியையும் நக்கி எடுத்து, கடைசியில் இலையையும் இழுத்துச் சப்பியது. காத்தோட்டிக்காயையும் விட்டுவைக்கவில்லை.

மகன் கண்ணீரோடு நின்றவன் சிரிக்கத் தொடங்கினான்.

"மாமி," என்று மருமகள் உள்ளே பார்த்துக் கேட்டாள், "மான் திண்டா என்ன பலன்?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை. உன்ர ஐயரைக் கேள்."

"அவர் இன்னும் சுத்திக்கொண்டு நிக்கிறார்."

மகன் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் பல வருஷம் காணவில்லை. இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினான். கசப்புக் கறியையும் வழித்துச் சாப்பிட்டான். அந்தப் பசியைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. தகப்பனைச் சாகக் கொடுத்துவிட்டு இப்படிச் சாப்பிடுகிறானே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நெய் ஊற்றினேன். படைத்த சோற்றை நான் தொடவில்லை. பாணும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டேன். அவன் கண்டான், "சாப்பிடுங்கோ அம்மா" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டான். பின்னேரம்வரை படுத்து நித்திரை கொண்டான்.

பிறகு ஒரு நாள் அவனோடு மரக்கறி வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டைக் கடக்கிற நேரம் மூதூர் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். மகன் கையில் இருந்த பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். தலை திரும்பவில்லை. நான் நின்றுவிட்டேன். இறங்கின கிழவன்மாரை ஒவ்வொருவராகப் பார்த்தேன். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். மகன் கொஞ்ச தூரம் போய், நான் பக்கத்தில் இல்லையென்று கண்டு, திரும்பி வந்து என் முழங்கையைப் பிடித்தான். அவன் இறக்கி வைத்ததை நான் சேர்த்துத் தூக்குகிற மாதிரி இருந்தது எனக்கு.

இப்போது ஒவ்வொரு அமாவாசையும் அவன் வேலைக்குப் போக முன்னம் கிணற்றடியில் தண்ணீர் விடுகிறான். போன் தேவையில்லை, பாடமாகிவிட்டது. நான் சோறு சமைத்துக் கொடுக்கிறேன். ஒரே அடுப்பில் அதையும் சமைத்து மீனையும் பொரிக்க எனக்கு மனம் வரவில்லை. மீன் மணம் நின்றதை ஒழுங்கையில் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலியடியில் என்னோடு கதைக்கிறவர்களின் கண் முதலில் என் நெற்றிக்குப் போய்த்தான் கீழே இறங்குகிறது. பொட்டு அங்கேதான் இருக்கிறது. முந்தின அளவுதான்.

மருமகளுக்கு மாதம் ஏறிவிட்டது. பிள்ளை உதைக்கிறது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உதைத்தது. முந்தின இரண்டும் இந்த மாதத்தைக் கண்டதில்லை. சம்பந்தி இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டா, தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது, அதுதான் பிள்ளை நிற்கிறது என்று. பிள்ளை சுகமாகப் பிறந்தால் ஊரும் அதைத்தான் சொல்லும். தையல் போட்ட டொக்டரை ஒருவரும் நினைக்கப் போவதில்லை. தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்றால் அவர் அந்தப் பக்கம் நின்று வாங்கினார் என்பதுதானே அர்த்தம். அதற்குப் பிறகு நான் இந்தப் பொட்டை யாருக்கு வைக்கிறேன் என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றும் இராது.

பிள்ளை தங்க வேண்டும், நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறேன். என்ன கேட்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். விளக்குக்கு முன்னால் நிற்கும்போது அதை வேறு மாதிரி மாற்றிக் கேட்கலாமோ என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளையும் வேண்டும், அவரும் வேண்டும் என்று கேட்கலாம். வாய் வரவில்லை. பிள்ளையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன்.